லைட் வேலை

பரளச்சி
7 ஜூலை 2024, ஞாயிறு

ஈவா பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. "இயேசுவில் மிகுந்த பாசமுள்ள அக்கா அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தாய். பிஷப்புக்கு எழுதியது தவறி என் வீட்டுக்கு வந்துவிட்டதோ என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மடத்துக்குப் போன ஒரே மாதத்தில் நான் "அவர்கள்" ஆகிவிட்டேன். இன்னும் ஒரு வருடம் போனால் என்னைக் கும்பிட்டு எழுதுவாய் போல.

செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், நவகன்னியர் பயிற்சி வருடம் முடிகிறவரைக்கும் கடிதம் மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பேனாவைப் பிடித்தது சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடத்தான். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. விரல் வேறு மரத்துப்போகிறது. காலையில் எழுந்ததும் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தால்தான் மடங்குகிறது.

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அம்மா போன பிறகு உன்னைப் படிக்க வைக்கத்தான் நான் கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். நீ டீச்சராவாய், அருப்புக்கோட்டை டவுனில் வீடு பார்ப்பாய், நான் அங்கே வந்து காலை நீட்டி உட்கார்ந்து காபி போடு என்று அதிகாரம் பண்ணுவேன் என்று நினைத்திருந்தேன். நீ ஆண்டவர் கூப்பிட்டார் என்று கிளம்பிவிட்டாய். நான் என்ன செய்வது? அவர் எனக்கு முந்திக்கொண்டார்.

அதை விடு. விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்த்தாகிவிட்டது. இரண்டு மாதம் முடிந்துவிட்டது. கல்யாணமாகி ஏழு வருடத்தில் இரண்டு தடவை கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டார் உன் ஆண்டவர். இந்தத் தடவை டாக்டரம்மா நன்றாக இருக்கிறது என்றார்கள். உன் மச்சான் சுஜின் லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு மல்லாங்கிணறு வரைக்கும் போய், எதற்குப் போனோம் என்று மறந்து திரும்பி வந்துவிட்டார். அப்படி ஒரு சந்தோஷம் மனிதருக்கு.

யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்குக்கூட. அவரிடம் சொன்னால் டீக்கடையில் சொல்லுவார், டீக்கடையிலிருந்து கம்பெனி வேனுக்கு வந்துவிடும். உனக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் மடத்தில் முழங்கால் போட்டு வேண்டிக்கொள்வதுதானே வேலை. எனக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொள்.

அக்கா
ரூத்


நவகன்னியர் இல்லம்
திண்டுக்கல்
18 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை "அவர்கள்" போடவில்லை. போதுமா?

உன் கடிதத்தைத் தோட்டத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அழுதேன். கூட இருந்த ஒரு சிஸ்டர் வீட்டில் யாருக்கு என்ன என்று பயந்துபோய்க் கேட்டார்கள். ஒன்றும் இல்லை, நல்ல செய்திதான் என்றேன். நல்ல செய்திக்கு யாராவது இப்படி அழுவார்களா என்று சிரித்தார்கள். இங்கே கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை அக்கா. அந்தக் காலமெல்லாம் போய்விட்டது. நீ எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

நீ கோபமாக எழுதியதையும் படித்தேன். நான் உன்னை விட்டுவிட்டு வந்தேன் என்று நினைக்கிறாய். அப்படி இல்லை என்று எழுதத் தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். இங்கே மதியம் சாப்பிட்டதும் எல்லாரும் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும் என்பது சட்டம். மாமரத்துக் காற்று ஜன்னல் வழியாக வரும். படுத்ததும் எனக்கு உன் முதுகுதான் நினைவுக்கு வருகிறது. கல்லூரியிலிருந்து லீவுக்கு வரும்போது நீ தைலத்தைக் கையில் கொடுத்து, "ஏறி மிதி பாப்பா" என்று குப்புறப் படுப்பாயே, அந்த முதுகு.

கம்பெனியில் சொல்லிவிட்டாயா? சொல்லிவிடு அக்கா. கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கென்று தனியாகச் சட்டமே இருக்கிறது. கஷ்டமான வேலை கொடுக்கக் கூடாது. பிரசவ லீவு கொடுக்க வேண்டும். கல்லூரியில் எங்களுக்குப் பாடமாகவே இருந்தது. நீ ஏன் பயந்து ஒளித்துவைக்க வேண்டும்? தப்பா செய்துவிட்டாய்?

தினமும் உனக்காக வேண்டுகிறேன். பாப்பாவுக்காகவும்.

உன் ஈவா


பரளச்சி
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

பாப்பா,

நீ படித்த சட்டத்தை எங்கள் கம்பெனியிலும் படித்திருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் வாசலில் மாட்டியே வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வரும்போது அதைத் துடைப்பது ஒரு அக்காவின் வேலை.

நடப்பது என்ன தெரியுமா? முழுகாமல் இருப்பது தெரிந்தால் யாரும் வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். "ஒடம்பப் பாத்துக்கம்மா, வீட்டுல இரு, புள்ள பெறந்ததும் வா" என்று சிரித்த முகமாக அனுப்புவார்கள். போனவள் திரும்பி வந்தால் புது ஆள். ஈ.எஸ்.ஐ. பிரசவ லீவுக்கு வேண்டிய வேலைநாளும் நிறையாது. அல்லது உட்காருகிற சீட்டை மாற்றி வேறு வேலைக்குப் போடுவார்கள். அதனால் ஏழாவது மாதம் வரைக்கும் மூச்சுக் காட்டாமல் ஓட்டிவிட்டு, பிறகு டாக்டர் சர்டிபிகேட்டைக் கொடுத்து லீவை வாங்குவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். மேலே போடுகிற கோட்டு தொளதொளவென்று இருப்பதால் உட்கார்ந்திருக்கிறவள் வயிறு யாருக்கும் தெரியாது.

நான் செய்வது சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. காலையில் குனிந்தால் குனிந்ததுதான். ஸ்டூலுக்குச் சாய்மானம் கிடையாது. வெட்டுத்துணியை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்தேன், அதையும் உருவிவிட்டார்கள், அழுக்காம். கழுத்திலிருந்து வலது கைவரை ஒரு கம்பி இழுத்துக் கட்டியது போல இருக்கும். தகரக் கூரை. பஞ்சு பறந்து மூக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். முன்னால் போர்டில் மணிக்கு மணி எங்கள் லைன் எத்தனை பீஸ் என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். குறைந்தால் சூப்பர்வைசர் இருளப்பசாமி வந்து நிற்பார். கெட்ட மனிதர் இல்லை. "ஏத்தா, எனக்கும் மேல ஆளு இருக்காகத்தா, கையி ஓடட்டும்" என்பார். அவரை யாராவது திட்டும் நாளில் அவர் எங்களைத் திட்டுவார்.

முதுகுவலி என்றால் மாத்திரை கொடுப்பார்கள். அட்டை இல்லாமல், பேர் இல்லாமல், டப்பாவிலிருந்து எடுத்துக் கையில் போடுவார்கள். முன்பெல்லாம் நானும் மிட்டாய் போல முழுங்கியவள்தான். இப்போது வாங்கிக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வெட்டுத்துணிப் பெட்டியில் துப்பிவிடுகிறேன்.

கஷ்டம் என்னவென்றால் பாத்ரூம். லைனுக்கு ஒரு டோக்கன். சிவப்பு அட்டை, ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு ஒருத்தி போய் வந்த பிறகுதான் அடுத்தவள் போகலாம். அதற்குப் பயந்தே எங்கள் ஆட்கள் தண்ணீர் குடிப்பதில்லை. எனக்கு இப்போது அடிக்கடி முட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்து மெஷினில் ஷர்மிளா பானு என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். திருச்சுழிக்காரி. மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார். அவளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் முறை வரும்போது டோக்கனை எடுத்து மேசைக்கு அடியில் என் கையில் தள்ளிவிட்டு, "எனக்கு வரலக்கா, நீங்க போயிட்டு வாங்க" என்பாள். அவளுக்கு வராமல் எங்கே போகும்? அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூடப் பிறந்தவள் மடத்தில் இருக்கிறாள், கூடப் பிறக்காதவள் எனக்காக மூத்திரத்தை அடக்குகிறாள்.

கோபித்துக்கொள்ளாதே, சும்மா சொன்னேன். இந்தச் சீட்டும் இந்தப் பிள்ளையும் பக்கத்தில் இருந்தால் ஏழாவது மாதம்வரை நான் ஓட்டிவிடுவேன். அதனால் நீ சட்டம் கிட்டம் என்று பேசாதே.

இப்போது புளிப்பு ஒன்றுதான் இறங்குகிறது.

அக்கா


திண்டுக்கல்
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

நேற்று மாதா விண்ணேற்புத் திருநாள். பாயசம் போட்டார்கள். உன்னை நினைத்துக்கொண்டு இரண்டு தம்ளர் குடித்தேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. கேட்டால் நீ என்னைத் திட்டிய எல்லாவற்றையும் வாபஸ் வாங்குவாய்.

இங்கே சாயங்காலச் செபத்தில் ஒவ்வொருவராக மன்றாட்டுச் சொல்ல வேண்டும். வாய் திறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி. யாருக்காக வேண்டுகிறோம் என்று பேரைச் சொல்லி வேண்டினால் எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்வார்கள். போன வாரம் உன் கடிதம் வந்த அன்று என் முறை வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை அக்கா. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் கஷ்டப்படும் என் அக்கா ரூத்துக்காகவும், ஏழு வருடத்துக்குப் பிறகு அவள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்காகவும் என்று சொல்லிவிட்டேன். டோக்கன், ஸ்டூல், மாத்திரை ஒன்றையும் சொல்லவில்லை. அதற்கே இரண்டு சிஸ்டர்கள் அழுதுவிட்டார்கள்.

செபம் முடிந்ததும் எங்கள் இல்லத் தலைவி மதர் என்னைக் கூப்பிட்டு எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். சொன்னேன். மதரிடம் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் கம்பெனி முதலாளி வீட்டுப் பெண் எங்கள் சபைப் பள்ளியில் மதரிடமே படித்தவராம். "இவ்வளவுதானா, நான் பேசுறேன்" என்று உடனே போன் செய்துவிட்டார்கள். அவர்கள் எவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள் தெரியுமா? அக்காவை வேலையை விட்டு எடுக்கவே மாட்டோம், லைட் வேலை கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் நீ ஒளிக்க வேண்டாம். குனிந்து குனிந்து காலர் வைக்க வேண்டாம்.

ஆண்டவர் உன்னை விட்டுப் போகவில்லை அக்கா. பார்த்தாயா?

உன் ஈவா


பரளச்சி
1 செப்டம்பர் 2024

ஈவா,

உன்னை யார் சொல்லச் சொன்னது?

உனக்கு மட்டும் என்றுதானே எழுதினேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை என்றேன். சட்டம் கிட்டம் பேசாதே என்றேன். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா? கோயிலில் நின்று மைக் வைக்காத குறையாகச் சொல்லியிருக்கிறாய்.

என்ன நடந்தது என்று கேள். மெஷினில் இருந்தவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆரில் ரோஷினி மேடம் என்று ஒருவர். நாற்காலியில் உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "என்னம்மா ரூத், எங்ககிட்ட சொல்லக்கூடாதா? பெரிய எடத்துல இருந்து போன் வருது. ஒங்களுக்கு லைட் வேலை குடுக்கச் சொல்லியாச்சு. நாளையிலருந்து செக்கிங்" என்றார். "வேணாம் மேடம், நான் என் சீட்டுலேயே இருந்துக்கிறேன்" என்றேன். "அதெல்லாம் ரிஸ்க்கும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். எவ்வளவு பிரியமாகச் சொன்னார் தெரியுமா? சண்டை போடுகிற மாதிரி சொல்லியிருந்தால்கூட நான் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

செக்கிங் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. உன் மதருக்கும் தெரியாது. அந்த முதலாளி வீட்டுப் பெண்ணுக்கும் தெரியாது. ஆபீசில் இருப்பவர்களுக்கு அது லைட் வேலை. மெஷின் இல்லை, மிதிக்க வேண்டாம், குனிய வேண்டாம். தைத்து வந்த சட்டையை மேசையில் விரித்துப் பார்த்து நூலை வெட்டிவிட வேண்டும். நின்றுகொண்டு. காலையில் நின்றால் சாப்பாட்டுக்கு உட்காரலாம், பிறகு சாயங்காலம்வரை நிற்க வேண்டும். அங்கே ஸ்டூலே கிடையாது. உட்கார்ந்தால் துணியில் இருக்கும் குறை கண்ணுக்குத் தெரியாது என்பது அவர்கள் கணக்கு. கீழே சிமெண்ட்டுத் தரை.

வேனிலிருந்து இறங்கும்போது செருப்பு காலில் ஏறவில்லை. கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பார்த்த பொம்பளைகள் எல்லாம், "என்ன ரூத்து, வேண்டுதலா?" என்று கேட்டார்கள்.

ஷர்மிளா கட்டிடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறாள், நான் இந்தக் கோடியில். இங்கே டோக்கனைத் தள்ளிவிட ஆள் இல்லை. மேற்பார்வை பார்க்கிறவர் ஒரு ஆம்பிளை. அவரிடம் போய் நின்று கேட்க வேண்டும். இருளப்பசாமியைப் பார்த்து, "அண்ணே, என்னைய திருப்பி லைன்ல போட்டுக்கங்கண்ணே" என்று அழுதேன். "எனக்கும் காலருக்கு நல்ல கையி போயிருச்சுத்தா. ஆனா மேல இருந்து வந்துருக்கு, அவுக சொன்னா நான் என்னத்தச் செய்ய?" என்றார்.

உன் மதரிடம் சொல்லி இதை எடுத்துவிடச் சொல். என் சீட்டை எனக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல். வேறு ஒரு உதவியும் வேண்டாம்.

ரூத்


திண்டுக்கல்
10 செப்டம்பர் 2024

அக்கா,

நீ "அக்கா" என்றுகூடப் போடாமல் "ரூத்" என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். எனக்கு அந்தத் தண்டனையும் போதாது என்றுதான் தோன்றியது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மதரிடம் போனேன். முழுதும் படித்துக் காட்டினேன். உன் மதருக்கும் தெரியாது என்று நீ எழுதியதையும் சேர்த்து. அவர்கள் முகம் வாடிவிட்டது. "நான் நல்லது செய்றதா நெனச்சேனேம்மா" என்றார்கள். என் முன்னாலேயே மறுபடியும் போன் செய்தார்கள். இந்தத் தடவை அந்த அம்மா எடுக்கவில்லை. வேறு யாரோ எடுத்து, எங்கள் கம்பெனியில் இதைவிட லைட்டான வேலை கிடையாது சிஸ்டர், கர்ப்பிணியை மெஷினில் உட்கார வைத்தால் ஆடிட்டில் எங்களுக்குத்தான் பிரச்சினை, நீங்கள் சொன்னதற்காகத்தான் இவ்வளவும் செய்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஸ்டூலாவது போட முடியுமா என்று மதர் கேட்டார்கள். பார்க்கிறோம் என்றார்களாம்.

நான் வீட்டுக்கு வர அனுமதி கேட்டேன். வந்து உன்னோடு கம்பெனிக்கே வந்து பேசுகிறேன் என்றேன். இந்த வருடத்தில் வெளியே போக முடியாது, பெற்றவர்களுக்கு ஏதாவது என்றால்தான் என்றார்கள். பெற்றவர்களுக்குத்தான் உண்டு, அக்காவுக்குக் கிடையாது. அம்மா இடத்தில் இருந்து வளர்த்தவள் என்றேன். மதர் என் தலையைத் தடவி, இந்த வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு என்றார்கள். நான் எதை ஒப்புக்கொடுப்பது? வீங்குவது உன் கால்.

வேலையை விட்டுவிடு அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன். நாளைக்கே நின்றுவிடு.

ஈவா


பரளச்சி
15 செப்டம்பர் 2024

பாப்பா,

நான் கோபத்தில் எழுதியதை மதருக்குப் படித்தா காட்டினாய்? உன்னைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். பாவம், வயதானவர்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல். நல்ல மனதோடு செய்தார்கள். உன் மேலும் இல்லை. வேண்டிக்கொள் என்று நான்தானே எழுதினேன்.

வேலையை எப்படி விடுவது? அப்பா விதைத்த மல்லியும் மிளகாயும் முளைத்ததோடு நிற்கிறது, மழை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. உன் மச்சான் வண்டி நான்கு நாள் ஓடினால் மூன்று நாள் வாசலில் நிற்கிறது. குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வந்தால் இங்கே லோடு கொட்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வரட்டும். அதுவரைக்கும் சோறு பொங்க வேண்டுமே. இத்தனை நாள் நின்றதை இப்போது விட்டால் பிரசவ லீவும் போய்விடும். இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்தால் முடிந்தது.

ஸ்டூல் வரவில்லை. ஆனால் நான் ஒரு வித்தை கண்டுபிடித்திருக்கிறேன். பீஸ் கீழே விழுந்தால் உட்கார்ந்து எடுக்கலாம். அதனால் இப்போதெல்லாம் என் கையிலிருந்து பீஸ் அடிக்கடி விழுகிறது. நேற்று மேற்பார்வை பார்க்கிறவர், "ஏம்மா, ஒன் கையில வெண்ணெய தடவிக்கிட்டா வாரே?" என்றார்.

இன்னொன்று. வியாழக்கிழமை நின்றுகொண்டிருந்தபோது வயிற்றுக்குள் ஒரு துள்ளல். முதலில் வாயு என்று நினைத்தேன். மறுபடியும் துள்ளியது. கையில் இருந்த சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். முன்னே இரண்டு தடவையும் இதுவரை வந்ததே இல்லை பாப்பா. உன் மச்சானிடம் சொன்னால், "நிக்காதம்மா, உக்காருன்னு உள்ள இருந்து ஒதைக்கிறான்" என்கிறார். ராத்திரி என் காலை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்த்துவிடுகிறார், வீக்கம் இறங்கினால் போதும் என்று.

நீ அழாமல் படி.

அக்கா


திண்டுக்கல்
27 செப்டம்பர் 2024

அக்கா,

மச்சான் மடத்துக்குப் போன் செய்தார். மதர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். என்னிடம் போனைக் கொடுத்தார்கள். மச்சான், "பாப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னார். போன் கட்டாகிவிட்டது.

மதர் சட்டத்தை மீறி என்னை அனுப்பத் தயாராக இருந்தார்கள். மச்சானிடம் திரும்பப் பேசியபோது, நான் வர வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டாய் என்றார்.

நீ சொன்னது சரிதான். நான் வந்து என்ன செய்வேன்?

அக்கா, ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஈவா


திண்டுக்கல்
20 அக்டோபர் 2024

அக்கா,

தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைப் பெருக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. அப்பா ஒரு கார்டு போட்டிருந்தார். நீ சாப்பிடுகிறாய், யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தார்.

நான் மடத்தை விட்டு வந்துவிடட்டுமா? நீ வா என்றால் வந்துவிடுகிறேன். வராதே என்றாலும் எழுது. உன் எழுத்தைப் பார்த்தால் போதும்.

ஈவா


பரளச்சி
17 நவம்பர் 2024, ஞாயிறு

பாப்பா,

வந்துவிடட்டுமா என்று கேட்டாயே, வந்து என்ன செய்யப் போகிறாய்? கம்பெனி வேனில் ஏறுவாய். வேறென்ன இருக்கிறது இங்கே? அங்கேயே இரு. மதியம் படு.

உனக்கு எழுதக் கூடாது என்று இல்லை. பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீயாகக் கற்பனை செய்துகொள்வதைவிட அது நல்லது.

அன்றைக்கு ஷிப்மெண்ட். காலையிலிருந்தே இடுப்பு கடுத்தது. போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். "லோடு ஏறட்டும்மா, எல்லாருந்தான நிக்கிறாக" என்றார் மேற்பார்வை பார்க்கிறவர். எல்லாரும்தான் நின்றார்கள், பொய் இல்லை. மதியத்துக்கு மேல் தொடையில் ஈரம். பாவாடை நனைந்தது மற்றவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. யாரோ போய்ச் சொல்லி ஷர்மிளா மெஷினைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இருளப்பசாமிதான் வேனை எடுக்கச் சொல்லிக் கத்தினார். என்னைத் தூக்கி ஏற்றியதும் அவர்தான். அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

பையன். முகம் உன் மச்சானுடையது. ஒரு கைக்குள் அடங்கிவிட்டான். மூச்சு இல்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன், நின்றதாலா என்று. "அதுனாலதான்னு சொல்ல முடியாதும்மா, ஆயிரம் காரணம் இருக்கும், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார்கள். நல்ல டாக்டர். பொய் சொல்லத் தெரியாதவர். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் யாரையாவது திட்டியிருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது? மேடம் நல்லது சொன்னார். உன் மதர் நல்லது செய்தார்கள். நீ வேண்டிக்கொண்டாய். இருளப்பசாமி தூக்கிக்கொண்டு ஓடினார். ஒருவரும் எனக்குக் கெட்டது செய்யவில்லை ஈவா. என் பிள்ளை மட்டும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். உன் மச்சானும் அப்பாவும் போனார்கள். என்னை எழுந்திருக்க விடவில்லை.

தீபாவளி கழிந்து வேலைக்குப் போனேன். ரோஷினி மேடம் மறுபடியும் ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். டீ கொடுத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "மனசத் தேத்திக்கங்க. இப்ப நீங்க பழைய வேலை பாக்கலாம், ஒண்ணும் தடையில்ல. காலருக்கு ஒங்கள மாதிரி கை இல்லன்னு சூப்பர்வைசரும் சொல்லிக்கிட்டே இருக்காரு" என்றார். என் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் பாப்பா. அதே மெஷின். போய் உட்கார்ந்தேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா கால் இரண்டுக்கும்? அந்தச் சுகத்தை நினைத்துத்தான் அன்றைக்கு நான் அழுதேன்.

இதையெல்லாம் சொல்ல நான் எழுதவில்லை. வேறொன்று இருக்கிறது.

ஷர்மிளா பானுவின் மாப்பிள்ளை லீவில் வந்துவிட்டுப் போனார். அவளுக்கு இப்போது இரண்டு மாதம். எனக்கு மட்டும்தான் தெரியும். மெஷின் ஓடுகிற சத்தத்தில் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, ஆபீஸ்ல சொல்லிரட்டா, வேணாமாக்கா?" என்று கேட்டாள். என்ன சொல்வது? சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். "மூச்சுக் காட்டாதடி" என்றேன். நான் சொன்னது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. என் முறை வரும் டோக்கனை அவள் பக்கம் தள்ளிவிடுகிறேன். அதைவிட வேறொன்றும் என்னால் முடியாது.

அவளுக்காக நீ வேண்டிக்கொள். ஆனால் சத்தமாக வேண்டாம். அவள் பேர், ஊர், எங்கள் கம்பெனி எதுவும் உன் வாயில் வரக் கூடாது. மதர் கேட்டாலும், யார் அழுதாலும். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன் பாப்பா.

அக்கா


திண்டுக்கல்
1 டிசம்பர் 2024

அக்கா,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை.

இன்றைக்குச் சாயங்காலச் செபத்தில் என் முறை வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் அக்காவுக்காக ஏதாவது சொல்வேன் என்று மதர் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பிள்ளையின் பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

உலக சமாதானத்துக்காக வேண்டினேன். எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

ஈவா